ஏடிவிக்குப் பின்னால் விறகு ட்ரெய்லர்: எதை வாங்கலாம்?

மேப்பிள்தோப்பு
வணக்கம். ஒன்டாரியோவில் பான்கிராஃப்ட் பக்கம் போன வருடம் காட்டுக்காணி ஒன்று வாங்கினோம். வீட்டுக்கு விறகடுப்புச் சூடுதான். ஒரு குளிர்காலத்துக்கு நாலு புஷ் கார்ட் விறகு வேண்டும் (4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளத்துக்கு அடுக்கினால் ஒரு புஷ் கார்ட், 128 கன அடி). மரம் நிற்கும் இடம் வீட்டிலிருந்து 700 மீட்டர் இருக்கும். வழியில் ஒரு சேற்றுப் பள்ளம், அதைத் தாண்டினால் வீடு வரை இறக்கம். கையில் இருப்பது ஹோண்டா ராஞ்சர் 420 ஏடிவி (காட்டுப் பாதையில் ஓடும் நாலு சக்கர மோட்டார் வண்டி).

மூன்று ட்ரெய்லர் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, நாலு சக்கரப் பிளாஸ்டிக் தொட்டி, 22 கன அடி, 1,500 பவுண்டு தாங்கும் என்று எழுதியிருக்கிறது. இரண்டு, இரண்டு சக்கர இரும்பு வலைப்பெட்டி, பாதி விலை. மூன்று, பக்கவாட்டில் கம்பி நட்ட, முழுக் கட்டை ஏற்றும் ட்ரெய்லர். 1,500 பவுண்டு என்பதால் முதலாவதையே வாங்கிவிடலாமா?

கோடாரிக்கை
மூன்றாவது. வேறு யோசனையே வேண்டாம். ஒரு விறகை எத்தனை தடவை கையால் தொடுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். காட்டில் அறுத்து, பிளந்து, தொட்டியில் எறிந்து, வீட்டில் கொட்டி, மறுபடி பொறுக்கி அடுக்கினால் இடுப்பு போய்விடும். நான் 8 அடிக் கட்டையாகவே கொண்டுவந்து வீட்டு வாசலில் அறுக்கிறேன். தூளும் பட்டையும் ஒரே இடத்தில் விழும், மரம் அறுக்கும் வாளின் பல் தீட்ட வேண்டுமானால் பட்டறை பத்தடியில்.

சட்பரி அக்கா
தம்பி மேப்பிள்தோப்பு, 1,500 என்பது ட்ரெய்லர் தாங்கும் பாரம். உங்கள் வண்டி இழுக்கும் பாரம் அது இல்லை. ராஞ்சர் 420-க்கு 848 பவுண்டுதான், அதுவும் ட்ரெய்லரின் சொந்த எடையைச் சேர்த்து. முதலில் அந்தக் கணக்கைப் போடுங்கள், கடைக்கு அப்புறம் போகலாம்.

பச்சை சர்க்கரை மேப்பிள் ஒரு புஷ் கார்ட் சுமார் 4,500 பவுண்டு வரும். 22 கன அடித் தொட்டியில் நெருக்கி அடுக்கினால் 770 பவுண்டு. ட்ரெய்லர் ஒரு 200 இருந்தால் கூட்டிப் பாருங்கள், எல்லையைத் தாண்டிவிட்டது. ஆனால் யாரும் தொட்டியில் அடுக்குவதில்லை, எறிவோம். எறிந்த விறகில் ஏறக்குறைய பாதி வெறும் காற்று. ஒரு கார்ட் விறகை எறிந்தால் 180 கன அடி பிடிக்கும். அப்படியானால் தொட்டிக்கு 550 பவுண்டு, ட்ரெய்லரோடு 750. உங்கள் வண்டிக்குச் சரியான அளவு. விளிம்புக்கு மேல் குவிக்காத வரைக்கும்.

கோடாரிக்கை தம்பி சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. 12 அங்குலத் தடிமன், 8 அடி நீளத்துப் பச்சை மேப்பிள் கட்டை சுமார் 350 பவுண்டு. அதை ட்ரெய்லரில் தூக்கி வைப்பது யார்?

கோடாரிக்கை
அக்கா, தூக்குவதில்லை. ட்ரெய்லரிலேயே ஒரு சின்னத் தூக்குக் கை, கைவிஞ்ச் (கையால் சுற்றிக் கயிற்றை இழுக்கும் உருளை) இருக்கிறது. சுற்றினால் ஏறிவிடும்.

சட்பரி அக்கா
இருக்கிறது, பார்த்திருக்கிறேன். அந்தக் கையோடு சேர்த்து விலை என்ன என்று அவருக்குச் சொல்லுங்கள். அதன் இரும்பு எடையும் அந்த 848-க்குள்தான் வரும். உங்களிடம் இருப்பது 700 சிசி வண்டி, அதை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். அவருடைய வண்டிக்கு ஒரு நடைக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டைதான். மரத்தை 16 அங்குலத் துண்டாக அறுத்தால் அதே கட்டை ஆறு துண்டு, ஒவ்வொன்றும் 60 பவுண்டுக்குள். என்னாலேயே தூக்க முடிகிறது, எனக்கு வயது 58.

வெல்டிங் மச்சான்
எல்லாரும் பணத்தைக் கொட்டச் சொல்கிறீர்கள். இரண்டு சக்கரப் பெட்டி போதும். பழைய படகு ட்ரெய்லர் அச்சு ஒன்றை எடுத்து, அகலத்தைக் குறைத்து, ஏடிவியின் பழைய அகல டயரை மாட்டினால் தீர்ந்தது. ஒன்பது வருடமாக ஓடுகிறது என்னுடையது. திருப்பும்போது இரண்டு சக்கரம் நினைத்த இடத்தில் திரும்பும். நாலு சக்கரம் இறுக்கமான வளைவில் மண்ணை உழுது தள்ளும். இது மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

சட்பரி அக்கா
உழும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவருக்குச் சேற்றுப் பள்ளம் இருக்கிறதே. நாலு சக்கர ட்ரெய்லரில் ஒவ்வொரு பக்கத்துச் சக்கரம் இரண்டும் ஒரே தண்டில் ஊஞ்சல் மாதிரி ஆடும். முன் சக்கரம் ஒரு அடி உயரக் கட்டை மேல் ஏறினால் பாரம் அரை அடிதான் உயரும். இரண்டு சக்கரத்தில் பாரம் முழு அடியும் எழும்பி, அப்படியே தொப்பென்று விழும். சேற்றிலும் எடை நாலாகப் பிரிவதால் அவ்வளவு புதையாது.

வெல்டிங் மச்சான்
ஏப்ரலில் பனி உருகும்போது சேற்றுக்குள் போகிறவனுக்கு எந்த ட்ரெய்லரும் உதவாது. தரை உறைந்திருக்கும்போது இழுங்கள்.

நெல்லுவண்டி
இவ்வளவு நேரம் பேசியும் முன்பாரம், பின்பாரம் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் தாத்தா மாட்டு வண்டியில் நெல் ஏற்றினால் கடைசியில் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். பின்பாரமாக இருந்தால் நுகம் மாட்டுக் கழுத்தைவிட்டு மேலே எழும்பும், முன்பாரம் அதிகமானால் மாடு மண்டியிடும். இங்கேயும் அதேதான். ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் (ட்ரெய்லரை வண்டியில் மாட்டும் இடம்) மேல் உட்கார வேண்டும். விறகைப் பின்பக்கம் எறிந்துவிட்டு ஏறினால் ஏற்றத்தில் ஏடிவியின் பின்சக்கரம் பிடிப்பில்லாமல் சுழலும். ஹிட்ச் மேல் எவ்வளவு எடை வரலாம் என்பதற்கும் வண்டியின் கையேட்டில் தனி எல்லை உண்டு. பின் ராக்கில் வாள், பெட்ரோல் கேன் எல்லாம் வைப்பவர்கள் அதையும் பாருங்கள்.

இன்னொன்று. ட்ரெய்லர் வாங்கும்போது அதன் மூக்கு (ஹிட்ச்சில் மாட்டும் முனை) சுழலுமா என்று பாருங்கள். எனக்கு இரண்டு வருடம் முன்பு நடந்தது: இரண்டு சக்கரப் பெட்டி, ஒரு சக்கரம் அடிமரத்தில் ஏறியது, பெட்டி சாய்ந்தது. மூக்கு சுழலாத வகை, ஹிட்ச்சில் மாட்டும் ஊசியும் இறுக்கம். பெட்டி சாய்ந்த வேகத்தில் ஏடிவியையும் முறுக்கிச் சாய்த்துவிட்டது. கணுக்காலோடு போயிற்று. மூக்கு சுழன்றிருந்தால் விறகு மட்டும் கொட்டியிருக்கும்.

வெல்டிங் மச்சான்
அண்ணா, இது நியாயம். என்னுடையதில் குழாய்க்குள் குழாய் விட்டு, ஒரு காலர் போட்டுச் சுழலவிட்டிருக்கிறேன். அரை நாள் வேலை.

மேப்பிள்தோப்பு
நன்றி. வீட்டை நோக்கி இறக்கம் என்றேனே, அது பிரச்சினையா? பாரத்தோடு இறங்குவது சுலபம் என்று நினைத்தேன்.

நெல்லுவண்டி
தம்பி, ஏற்றத்தில் முடியாவிட்டால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். இறக்கத்தில் நிற்காது. இந்த ட்ரெய்லர்களில் பிரேக் கிடையாது. 15 சதவீதச் சரிவில் 750 பவுண்டு ட்ரெய்லர் சுமார் 110 பவுண்டு விசையோடு உங்களை முதுகில் தள்ளிக்கொண்டே வரும், கீழே ஈரமான மேப்பிள் இலை. பின் பிரேக்கை மட்டும் அழுத்தினால் ட்ரெய்லர் பக்கவாட்டில் வந்து ஏடிவியை மடக்கும். மேலே இருக்கும்போதே குறைந்த கியரில் போட்டு, இன்ஜினே பிடித்துக்கொண்டு வரும்படி இறங்குங்கள். நடுவில் கியர் மாற்றாதீர்கள்.

கோடாரிக்கை
அல்லது பாதிப் பாரம்.

சட்பரி அக்கா
அதுவே என் பேச்சும். தம்பி, உங்கள் காட்டில் செத்த ஆஷ் மரம் இருக்கிறதா?

மேப்பிள்தோப்பு
பாதிக்கு மேல் அதுதான் அக்கா. பச்சை வண்டு அரித்தது.

சட்பரி அக்கா
2002-ல் டெட்ராய்ட்டிலும் வின்ட்சரிலும் கண்டுபிடித்த வண்டு, இப்போது பரவலாக இருக்கிறது. நின்றபடி காய்ந்த ஆஷ் பச்சை மேப்பிளைவிட நன்றாகவே எடை குறைவு. அதே தொட்டி, அதே வண்டி, நிம்மதியாக இழுக்கும். முதல் வருடம் அதையே எடுங்கள். ஆனால் செத்த ஆஷ் கிளை சொல்லாமல் உடைந்து தலையில் விழும், ஹெல்மெட் இல்லாமல் அடியில் நிற்காதீர்கள். ஸ்காபரோவில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு ஒரு கட்டு கொண்டுபோகலாம் என்ற ஆசையும் வேண்டாம், வண்டு அப்படித்தான் ஊர் ஊராகப் போனது.

வெல்டிங் மச்சான்
கடைசியாக ஒன்று. எதை வாங்கினாலும் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பிளாஸ்டிக் புஷ் (அச்சின் மேல் மாட்டும் வெறும் குழல்) இருந்தால் அது புல்வெளியில் மண் தள்ளுகிற வண்டி. நான் முதலில் வாங்கியது அதுதான், ஒரே பருவத்தில் சக்கரம் சாய்ந்துவிட்டது. பேரிங்கும் கிரீஸ் போட நிப்பிளும் இருக்க வேண்டும்.

மேப்பிள்தோப்பு
முடிவு செய்துவிட்டேன்: நாலு சக்கரத் தொட்டி, மூக்கு சுழலும் வகை, குவிக்காமல் ஏற்றுவேன். பச்சை மேப்பிள் என்றால் நாலு கார்டுக்கு 33 நடை என்று கணக்கு வருகிறது. ஆஷ் என்றால் குறையும் என நம்புகிறேன்.

கோடாரிக்கை
நடை குறையாது தம்பி, தொட்டி அதே அளவுதானே. எடைதான் குறையும். பதினைந்தாவது நடையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்து எழுதுங்கள், என் கட்டை ட்ரெய்லரை ஒரு வாரம் இரவல் தருகிறேன்.