தெருக்கதை சொல்லப் போனால் பிள்ளைகள் பாதியில் ஓடிவிடுகிறார்கள், என்ன செய்யலாம்?

ஜெராக்ஸ்கடை:

மதுரை தெற்கு மாரட் வீதியில் எனக்கு ஜெராக்ஸ் கடை. வருடா வருடம் பிள்ளைகள் ‘நான் வாழும் ஊர்’ புராஜெக்டுக்கு வரிசையாக வந்து நிற்பார்கள். எல்லோரும் எடுப்பது ஒரே பக்கம்தான். கோபுரப் படம், தூங்கா நகரம், கடம்பவனம், மல்லிகைப் பூ, கடைசியில் ஜிகர்தண்டா. போன தடவை ஒரே சாயங்காலத்தில் பத்தொன்பது பிரதி போட்டேன். இருபதாவதாக வந்த பொண்ணிடம், “நீ நிக்கிற தெருவுக்கு ஏன் மாரட்னு பேரு வந்துச்சு?” என்று கேட்டேன். “மராட்டியர் இருந்திருப்பாங்க அங்கிள்” என்றது. சிரித்துவிட்டேன். ஆனால் முப்பது வயது வரைக்கும் எனக்கும் அதே நினைப்புதான்.

அந்தக் கூச்சத்தில், தெரு ஆட்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ஞாயிறு காலை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். விளக்குத்தூண், பத்துத்தூண், திருமலை நாயக்கர் மகால், தெற்கு வெளி வீதி என்று திட்டம். ஆறு பக்கம் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். விளக்குத்தூணில் இருபத்திரண்டு பேர். மகால் வாசலில் எண்ணினால் ஒன்பது. அதில் இரண்டு என் வீட்டுப் பிள்ளைகள், ஓட வழியில்லை.

எங்கே தப்பு செய்தேன்? இன்னொரு சந்தேகமும் உண்டு. எங்கள் தெருவில் வயதான தையல்காரர் ஒருவர், “கோட்டைய இடிச்சவனுக்கு இடிச்ச அளவுக்கு இடம் இனாம்னு வெள்ளக்காரன் தமுக்கு அடிச்சான்” என்று அழகாகக் கதை சொல்வார். இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லலாமா, கூடாதா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:

தம்பி, ஆறு பக்கக் குறிப்புதான் தப்பு. முப்பத்தோரு வருஷம் சமூக அறிவியல் எடுத்தவன் சொல்கிறேன், வெயிலில் நிற்கிற பிள்ளைக்கு வருஷக் கணக்கு ஏறாது. பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். கேள்வியை மட்டும் கொடுத்துவிட்டு நடக்க விடுங்கள்.

விளக்குத்தூணையே எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் பேர் சொல்லி டிக்கெட் எடுக்கிறோம், போலீஸ் ஸ்டேஷனுக்கு அதே பேர், ஜவுளிக்கடை விளம்பரத்தில் பாதி அதே பேர். தூண் எங்கே என்று கேட்டால் ஆட்கள் முழிப்பார்கள். பிள்ளைகளிடம் ‘யார் முதலில் தூணைக் கண்டுபிடிக்கிறது?’ என்று விட்டுவிடுங்கள். கண்டுபிடித்த பிறகு, இது யாருக்கு வைத்தது என்று கேளுங்கள். கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்தது. நாயக்கர் காலத்துக் கோட்டைச் சுவரை இடித்து ஊரை வெளியே விரித்தவர் அவர்தான். அப்போதுதான் 1837 என்று ஒரே ஒரு வருஷத்தைச் சொல்லுங்கள், மனதில் நிற்கும். சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, அந்த இடிபாட்டைக் கொண்டே போட்டவைதான் வெளி வீதி, மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி எல்லாம். வேலையைப் பார்த்துக்கொண்ட வெள்ளைக்காரர் மாரட். கூட நின்று ஆட்களை வேலை வாங்கியவர் பெருமாள் மேஸ்திரி. ஒரு கொத்தனார் மேஸ்திரி பேரில் நகரத்தின் நடுவில் வீதி இருக்கிறது என்றால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்கள். எனக்கு இந்த ஊரிலேயே பிடித்த விஷயம் அதுதான்.

இன்னொரு கேள்வி கைவசம் வைத்திருப்பேன். தேர் ஓடுவது சித்திரைத் திருவிழாவுக்கு. சித்திரை வீதி என்று தனியே வீதி இருக்கிறது. அப்படியிருக்க, தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது? ஒரு வகுப்பே சண்டை போட்டுக்கொள்ளும். மீனாட்சி கல்யாணம் முன்னே மாசி மாதத்தில் நடந்தது, திருமலை நாயக்கர்தான் அதைச் சித்திரைக்கு மாற்றி அழகர் திருவிழாவோடு சேர்த்தார் என்பதைக் கடைசியில் சொன்னால் போதும்.

தையல்காரர் கதைக்கு வருகிறேன். தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் அவர் வாயால் சொல்லட்டும். இடித்துத் தூர்த்தவர்களுக்கு அங்கே மனை கிடைத்தது என்பது உள்ளதுதான். ‘இடிச்ச அளவுக்கு இனாம்’, ‘தமுக்கு அடிச்சான்’ என்பதெல்லாம் காது மூக்கு வைத்தது. ‘இது தாத்தா சொல்லும் கதை’ என்று பிள்ளைகளிடம் பிரித்துச் சொல்லிவிட்டால் பாவமில்லை. அதே தெருவில் ஒரு கிழவர் நாற்பது வருஷம் மிஷின் மிதித்துக்கொண்டே ஒரு கதையைக் காப்பாற்றி வைத்திருக்கிறாரே, அதுவே ஒரு வரலாறு இல்லையா?

கொத்துவேலை:

வாத்தியாரய்யா சொன்னதற்கு நான் சாட்சி. எனக்கு வெளி வீதிப் பக்கம் கட்டட வேலைதான் பிழைப்பு. அங்கே சில மனைகளில் அஸ்திவாரம் தோண்டினால் கெட்டித் தரை லேசில் வராது. நாலடி போனாலும் செங்கல் துண்டு, சுண்ணாம்புக் காரை, ஒழுங்கில்லாத கருங்கல். வீட்டுக்காரர் ‘என்னப்பா குப்பையா வருது’ என்பார். குப்பை இல்லைங்க, கோட்டை.

ஒரு தடவை வந்த செங்கல் இப்போதைய கல்லில் பாதி கனம்தான், தட்டையாக வடைச்சட்டிக்கு மூடி போடுகிற மாதிரி இருந்தது. ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்தேன், என் சம்சாரம் அதன்மேல் துளசித் தொட்டியை வைத்துவிட்டது. உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டுமானால் தொட்டியை இறக்கிவிட்டுக் கொண்டு வருகிறேன். பிள்ளைகள் கையில் கொடுங்கள். பெரியார் பஸ் நிலையம் பக்கத்தில் கொத்தளத்தின் ஒரு துண்டு இன்னும் நிற்கிறது, அங்கேயும் ஒரு நாள் கூட்டிப் போங்கள். 72 கொத்தளம் இருந்ததாம் இந்தக் கோட்டைக்கு.

நரசிங்கம் ரோட்டுக்காரி:

அண்ணே, நான் பசுமை நடைக்குப் பல தடவை போயிருக்கிறேன். யானைமலையில் சிற்ப நகரம் அமைக்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பிய 2010ல், எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் தொடங்கியது. கீழக்குயில்குடி சமணர் மலை, அரிட்டாபட்டி என்று ஞாயிறு காலையில் மலையேறுவோம். தொல்லியல் அறிஞர் சாந்தலிங்கம் ஐயா கல்வெட்டுப் பக்கத்தில் நின்று பேசுவார். ஆனால் கூட்டம் திரும்பத் திரும்ப வருவதற்கு இன்னொரு காரணம், இறங்கியதும் மரத்தடியில் உட்கார்ந்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது. சாப்பிடும்போதுதான் பேச்சே சூடு பிடிக்கும், உள்ளூர் ஆள் ஒருத்தர் வந்து, அந்தப் பாறைக்கு நாங்க வேற பேரு சொல்லுவோம் என்பார். உங்கள் நடைக்கும் இட்லியைச் சேர்த்துவிடுங்கள், பாதிப் பிள்ளைகள் ஓட மாட்டார்கள்.

காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள். ஒன்பது மணிக்கு மேல் விளக்குத்தூணில் ஜவுளிக்கூட்டத்தில் பிள்ளைகளை எண்ணுவதே வேலையாகிவிடும். நடுவில் பத்துத்தூணை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். சந்துக்குள்ளே கடைகளுக்கு நடுவில் அவ்வளவு பெரிய கல்தூண்கள் திடீரென்று நிற்கும். தூணை மூன்று பிள்ளைகள் கைகோத்துக் கட்டிப்பிடிக்கட்டும், கைகள் சேர்கிறதா பார்க்கட்டும். மகாலில் இன்று நிற்பது நாலில் ஒரு பங்குதான், மிச்சம் எங்கெங்கே வீடும் தெருவுமாகப் போயிருக்கும் என்று அங்கிருந்தே தேட வைக்கலாம்.

பத்திரம் எழுதுறவன்:

ஒரு வழி யாரும் சொல்லவில்லை. எல்லோர் வீட்டு பீரோவிலும் பழைய கிரயப் பத்திரம் கிடக்கும். அதில் செக்குபந்தி என்று நாலு எல்லை எழுதியிருக்கும். வடக்கே இன்னார் வீடு, கிழக்கே இன்ன தெரு, மேற்கே கிணறு என்று. இன்றைக்கு இல்லாத கிணறு, மறந்துபோன சந்துப் பேர், பட்டறை எல்லாம் அந்த நாலு வரிக்குள் இருக்கும். தெருவில் பத்து வீட்டுச் செக்குபந்தியைச் சேர்த்தால் எண்பது வருஷத்துக்கு முந்தைய தெரு வரைபடம் கையில் வந்துவிடும். எவ்வளவு செலவானாலும் இதுபோல ஒன்றை வெளியே வாங்க முடியாது.

ஒரு எச்சரிக்கை: பத்திரத்தை முழுசாகப் பிரதி எடுக்கவோ வாட்ஸ்அப்பில் போடவோ கூடாது. எல்லை வரிகளை மட்டும் வீட்டுக்காரர் முன்னால் கையால் எழுதிக்கொள்ளுங்கள். தொகை, சர்வே எண் எதையும் தொடாதீர்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரம் சகோதரர்களுக்குள் சண்டையை நீங்கள் தீர்க்க வேண்டியிருக்கும். அனுபவத்தில் சொல்கிறேன்.

ஜெராக்ஸ்கடை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரண்டாம் நடை. ஆறு மணிக்குக் கிளம்பினோம், பதினாறு பேர், பதினாறும் கடைசி வரை. குறிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டேன். கொத்துவேலைக்காரர் செங்கல் கொண்டு வந்தார், அது கைக்குக் கை மாறியதில் ஒரு முனை உடைந்துவிட்டது, மன்னிக்கவும். மாசி வீதிச் சண்டை இருபது நிமிஷம் ஓடியது, ஒரு பையன் “தேருக்குப் பெரிய வீதி வேணும்ல” என்று வாத்தியார் பதிலையே தோற்கடித்துவிட்டான். தையல்காரர் வாசலில் நின்று கதையைத் தமுக்கோடு சொன்னார். ஒரு பொண்ணு, “தாத்தா, நீங்க பார்த்தீங்களா?” என்று கேட்டுவிட்டது. “எங்க தாத்தாவோட தாத்தா பார்த்திருப்பாரு” என்றார்.

செக்குபந்தி வேட்டை இப்போதுதான் ஆரம்பம். மூன்று வீட்டில் காட்டினார்கள், ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். 1938 பத்திரம் ஒன்றில் ‘வடக்கே சாயப் பட்டறை’ என்று இருக்கிறது. அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கடைப் பையனிடம் சொன்னேன், எழுந்துவந்து வாசலில் நின்று தன் கடையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாத்தியாரய்யா, அடுத்த மாதம் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி. நீங்கள் வருகிறீர்களா? இட்லி என் செலவு.