ஓசியில் வந்த சிடியை என்ன செய்தீர்கள்?

கேட்டடி

போன வியாழன் இரவு, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட். மூடினால் எப்போது திறக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு முன்னால் ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டி. பின்பலகையில் இரண்டு சிடி, நடு ஓட்டையில் ஆணி. ஒன்று என் பைக் வெளிச்சத்தில் மின்னியது. மற்றதைத் திருப்பிப் போட்டு அடித்திருந்தார்கள். நீல நிறம், மஞ்சள் எழுத்து, ‘இலவசம், விற்பனைக்கு அல்ல’. பைக்கை ஆஃப் செய்துவிட்டு இறங்கிவிட்டேன். அதை ஊருக்கெல்லாம் கொடுத்தவனே நான்தான்.

2001. டிப்ளமோ முடித்துவிட்டுச் சும்மா இருந்த வருடம். வண்ணாரப்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர், இப்போது அது புடவைக்கடை. தீபாவளிக் கூட்டத்தில் எம்.சி. ரோட்டில் நின்று இந்த சிடியை நீட்ட வேண்டும். நாளுக்கு 60 ரூபாய். ஜவுளி எடுக்க வந்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் அப்போது கம்ப்யூட்டர் இருந்திருக்கும்? வாங்குவார்கள், முகம் பார்ப்பார்கள், தலையைச் சரிசெய்வார்கள், நாலு கடை தள்ளிப் போட்டுவிட்டுப் போவார்கள். சாயங்காலம் நானே பொறுக்கி, சட்டையில் துடைத்து, மறுபடி நீட்டுவேன்.

ரயில் போனது, கேட் திறந்தது, வண்டியும் போய்விட்டது. எங்கே கிடைத்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உங்கள் வீட்டுக்கு வந்ததெல்லாம் என்ன ஆனது?

மொட்டைமாடி

நாங்கள் காசிமேடு. வீட்டுக்காரர் மாதாமாதம் கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்குவார், கூடவே ஒரு சிடி வரும். மாமியார் மாடியில் நெத்திலி காயவைப்பார். காக்காய்த் தொல்லைக்கு ஏழெட்டு சிடியைத் தங்கூசி நூலில் கோத்துக் கட்டினோம். மூன்று நாள் ஒரு காக்காய் இல்லை. நாலாவது நாள் ஒன்று மட்டும் கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்தது. சிடியில் தன் முகத்தைப் பார்த்தது. தலையைச் சாய்த்தது. ஒரு கொத்து. சிடி சுற்றியது. நிற்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு மறுபடி ஒரு கொத்து. “உம் புருசன் காக்காவுக்குக் கண்ணாடி மாட்டிக் குடுத்துக்கீறான்” என்றார் மாமியார். அப்புறம் பழைய வலையைப் போர்த்தித்தான் மீனைக் காப்பாற்றினோம்.

மாமியார் போய் மூன்று வருடம். கருவாடு போடுவதில்லை, சிடி மட்டும் தொங்குகிறது. அமாவாசைக்குச் சோறு வைத்தால் வருகிற காக்காய் முதலில் சிடியைக் கொத்திவிட்டுத்தான் இலைக்கு வருகிறது.

செயின்கார்டு

கேட்டடி அண்ணன் கதை சரி. ஆனால் அந்த சிடியை ரிஃப்ளெக்டர் என்று நம்பி இன்னும் நாலு பேர் ஆணி அடிக்கக் கூடாது. 2004, எண்ணூர் நெடுஞ்சாலை, நைட் ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வருகிறேன். பின் மட்கார்டில் சிடி. ஒரு டிரெய்லர் என் கேரியருக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து சிடியைப் பிடுங்கி என் மூக்குக்கு நேரே ஆட்டினார். “இத்த நம்பிக்கினா வந்துகினு கீற?” அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

சிடி பெரும்பாலும் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரிதான். சாய்வாக விழுந்த வெளிச்சம் அடுத்த பக்கம் சாய்ந்து போய்விடும், விளக்கு இருக்கும் திசைக்குத் திரும்பாது. துளி கோணல் இல்லாமல் நேர் எதிரே இருந்தால்தான் பின்னால் வரும் டிரைவருக்குப் பளிச்சென்று தெரியும். மேடுபள்ளத்தில் ஆடுகிற வண்டியில் அது எத்தனை நொடி? ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரை உற்றுப் பாருங்கள், பொடிப்பொடி மணியோ தேன்கூடு மாதிரிக் கட்டமோ இருக்கும். கொஞ்சம் சாய்வாக வந்த வெளிச்சத்தையும் வந்த வழிக்கே திருப்பி அனுப்பத்தான் அந்த அமைப்பு. பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை. சைக்கிள் கடையிலேயே கிடைக்கும். மீன்பாடி வண்டி என்றால் பலகையின் இரண்டு கோடியிலும் ஒட்ட வேண்டும். நடுவில் ஒன்று மட்டும் ஒட்டினால் பின்னால் வருபவன் சைக்கிள் என்று நினைத்து அந்த அளவுக்குத்தான் ஒதுங்குவான். ஒட்டும் முன் பலகையின் எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்து எடுங்கள். ஓரம் கிளம்பினால் மேலேயே இன்னொன்றை ஒட்டாமல் பழையதை உரித்துவிட்டு ஒட்டுங்கள். மீன் தண்ணீர் வழிகிற வண்டி என்றால் தினமும் துடைக்க வேண்டும். பெடலுக்கும் தனியாக வருகிறது, அது மேலும் கீழும் ஆடுவதால் தூரத்திலேயே கண்ணில் படும்.

மொட்டைமாடி

அவர் எங்கேப்பா ஆணி அடிக்கச் சொன்னார்? பார்த்தேன் என்றுதானே சொன்னார்.

பழைய பென்டியம்

ஓசி என்றாலே குப்பையா? 2007-இல் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தின் சிடியை இணையத்தில் கேட்டால் வீட்டுக்கே அனுப்பினார்கள், தபால் செலவும் அவர்களுடையது. 2011 வரை அது நடந்தது. வியாசர்பாடியில் எங்கள் தெருவுக்கு வெளிநாட்டுத் தபால் வருவதே அதிசயம். தபால்காரர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “காசு ஏதாவது கட்டணுமா?” என்று அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார். ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் செய்த பழைய கம்ப்யூட்டருக்கு அந்த சிடிதான் உயிர் கொடுத்தது.

மிச்சத்தை நண்பர்களுக்குக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து ஒருவன் வீட்டுக்குப் போனால், எனக்கு வந்த டீ டம்ளருக்கு அடியில் அதே சிடி. மூன்று பேர் கைகோத்து வட்டமாக நிற்கிற சின்னம், அதன் மேல் அதே அளவில் டீக்கறை. நான் ஒன்றும் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பீச் ஸ்டேஷன்

இதில் அமெரிக்காக்காரனை மிஞ்ச முடியாது. ஏஓஎல் என்ற இணைய நிறுவனம் 1990-களில் வீடு வீடாக சிடியைத் தபாலில் அனுப்பித் தள்ளியது. எரிச்சலில் 2001-இல் இரண்டு பேர், பத்து லட்சம் சிடி சேர்த்து அந்த நிறுவன வாசலிலேயே கொட்டுவோம் என்று கிளம்பினார்கள். நாலு லட்சத்தைத் தாண்டியும் இலக்கு எட்டவில்லை, 2007-இல் கைவிட்டார்கள். கொட்டவே இல்லை.

அந்த நாலு லட்சத்தில் சேராத முப்பதை நியூ ஜெர்சியிலிருந்து என் அக்கா கொண்டுவந்தாள், பெட்டியில் புடவைகளுக்கு நடுவே. பாட்டில் மூடியில் துளை போட்டு சிடி ஓட்டையின் மேல் ஒட்டி, ஊதிய பலூனை மூடியில் மாட்டினால், கீழே கசியும் காற்றில் சிடி தரையைத் தொடாமல் வழுக்கும். தெருமுனை கேரம் கிளப்பில் போர்டு மேல் விட்டோம். போரிக் பவுடர் புகை மாதிரி எழும்ப, சிடி எதிர்க்கட்டை வரை மிதந்து போய்த் திரும்பியது. மேட்ச் பிராக்டீஸில் இருந்த அண்ணன்கள் கையில் ஸ்ட்ரைக்கரோடு அப்படியே நின்றார்கள். அப்புறம் துரத்தினார்கள்.

மாட்டுப்பொங்கல்

2010 ஜனவரி 15, சூரிய கிரகணம். ராமேஸ்வரம் பக்கம் வளையமாகத் தெரிந்தது, சென்னைக்குப் பெரும்பகுதி மறைந்தது. தெருப் பையன்கள் எல்லாரும் மாடியில், கண்ணுக்கு நேரே சிடி. என் தம்பியும். சிடியின் நடு ஓட்டையைச் சுற்றி வெள்ளி பூசாத ஒரு வளையம் இருக்கும், வெறும் கண்ணாடி மாதிரி. அவன் கை நகர்ந்தபோது அந்த வளையம் வழியாகப் பார்த்துவிட்டான். “அண்ணா, சூப்பரா கீதுடா” என்றான். அன்று ராத்திரி நாள்காட்டியைப் படித்தால் தேதிக்கு நடுவில் ஒரு புள்ளி. எழும்பூர் கண்ணாஸ்பத்திரியில் காட்டினோம். குறைந்தது, முழுவதும் போகவில்லை.

வெள்ளி பூசிய பாகம் வழியாகப் பார்த்தாலும் தப்புதான். அந்தப் பூச்சு சிடிக்கு சிடி மெல்லியதாகவும் தடித்ததாகவும் இருக்கும். வெளிச்சம் குறைந்ததாகத் தெரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாத கதிர் உள்ளே போகும். விழித்திரைக்கு வலி தெரியாது, அதனால் சுடும்போது நமக்குத் தெரிவதே இல்லை. எக்ஸ்ரே ஃபிலிம், கூலிங் கிளாஸ், எதுவும் வேண்டாம். வேப்பமரத்தடிக்குப் போய்த் தரையைப் பாருங்கள். இலை இடுக்கில் விழும் ஒவ்வொரு வெளிச்சப் பொட்டும் பிறையாக இருக்கும்.

எட்டாம் வகுப்பு

மாட்டுப்பொங்கல் எழுதியதை என் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். நானும் சிடியை வைத்துத்தான் பாடம் நடத்துகிறேன், ஆனால் சூரியன் பக்கமே திருப்பக் கூடாது என்பது முதல் விதி.

ஒட்டும் டேப்பை எழுத்துப் பக்கம் ஒட்டி இழுத்தால் வெள்ளி உரிந்து வந்துவிடும். கீழே தெளிவான பிளாஸ்டிக். வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு வெட்டினால் அவ்வளவாக விரிசல் விடாது. சோப்பு அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் பிளேடால் மெல்லிய கீறல், மறுபக்கம் கண் வைத்துப் பார்க்க இந்தத் துண்டு. சிடியின் தடங்கள் ஒன்றுக்கொன்று 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் ஓடுகின்றன, அதனால்தான் வெளிச்சம் நிறம் நிறமாகப் பிரிகிறது. டிவிடியில் இடைவெளி 0.74, நிறங்கள் இன்னும் விலகி விழும்.

மெழுகுவத்தியைப் பார்த்தால் சிவப்பிலிருந்து ஊதா வரை விட்டுப்போகாமல் இருக்கும். அன்று சுருள் சிஎஃப்எல் பல்பைக் காட்டினேன். கடைசி பெஞ்சுப் பெண், வாயே திறக்காதவள், பெட்டியைக் கண்ணிலிருந்து எடுக்காமல் கத்தினாள்: “டீச்சர், நடுநடுவுல கலரைக் காணோம். யார் எடுத்தது?” அவள் இப்போது எங்கே இருக்கிறாளோ. அந்தக் கேள்விக்கு நான் ‘உட்கார்’ என்று சொன்னேன், மணி அடித்துவிட்டது.

எடைக்கல்

புளியந்தோப்பில் காயலான் கடை. சிடி எடுப்பீங்களா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். பக்கெட், குடம் மாதிரி இல்லை, சிடி பாலிகார்பனேட் என்ற வேறு பிளாஸ்டிக். அதற்கென்று எடுக்கிற ஆள் தனி, எனக்கு அந்தத் தொடர்பு இல்லை. எரிக்க மட்டும் வேண்டாம்.

ஒரு தேர்தல் முடிந்த வாரம் ஒருவர் ஒரு மூட்டை பிரசார சிடி கொண்டுவந்தார். வேண்டாம் என்றேன். கடை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். காலையில் மூட்டை காலி. பத்து நாளில் பார்த்தால் ஆட்டோ முகப்பில், பெட்டிக்கடைத் தோரணத்தில், எதிர்வீட்டு முருங்கை மரத்தில், தோற்ற வேட்பாளர் இரண்டு கையும் கூப்பிக்கொண்டு சுற்றுகிறார். கீழே ஒரு கிழவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

டிஃபன் பாக்ஸ்

சிடியை விடுங்கள், 50 சிடி வருகிற அந்த டப்பாவை யாரும் சொல்லவில்லையே. நடுவில் கம்பி, மேலே மூடி. கழுவித் துடைத்து மெதுவடையைக் கோத்தால் நசுங்காமல் ஆபீஸ் வரை வரும். மூன்று வடை.

செயின்கார்டு

சூடான வடையை அந்த டப்பாவில் வைக்காதீர்கள். சாப்பாட்டுக்கென்று செய்த பிளாஸ்டிக் இல்லை அது. எவர்சில்வர் தூக்கு...

டிஃபன் பாக்ஸ்

ஆறவிட்டுத்தான் வைத்தேன் சாமி.

கேட்டடி

நேற்று அதே நேரம் கேட்டில் போய் நின்றேன். மூன்றாவது ரயிலுக்கு அந்த வண்டி வந்தது. இந்தத் தடவை கேட்டுவிட்டேன். வண்டியைப் பழசாக வாங்கியபோதே சிடி இருந்ததாம். “இன்னா சார், இதுல படம் எதுனா கீதா?” என்றார். ஒரு கணம் யோசித்து, கழற்றித் தரவா என்று அவரே கேட்டார். வேண்டாம் என்றேன்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். சென்டர் பெயர் வெயிலில் போய்விட்டது. ஆணிக்குக் கீழே ஃபோன் நம்பர் மட்டும் இருக்கிறது, பழைய ஏழு இலக்கம். வீட்டுக்கு வந்து முன்னால் ஒரு 2 சேர்த்து அடித்தேன். ரிங் போனது. ஒரு பெண் குரல் ‘அலோ’ என்றது. என்ன கேட்பது என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

செயின்கார்டு

அதெல்லாம் இருக்கட்டும். அவரிடம் ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னீர்களா, இல்லையா?