பிளஸ் டூ முடிச்ச உடனே அமெரிக்க பாஸ்கெட்பால் லீக் என்பிஏக்கு போவ முடியுமா? வயசு ரூல்ல மாட்டுனவங்க அனுபவத்த சொல்லுங்க

கருங்கல் பாயிண்ட் கார்டு:
வைகுன்னேரம் நம்ம பாஸ்கெட்பால் கோர்ட்டுக்கு வாற பயலுவ கொஞ்ச நாளா ஒரே கேள்விதான் கேக்கானுவ, அண்ணா பிளஸ் டூ முடிச்சிட்டு நேரா என்பிஏ டிராஃப்டுக்கு பேர் குடுக்கலாமா, கோபி பிரையன்ட் போனாரு, லெப்ரான் போனாரு, நாங்க போனா என்னன்னு. டிராஃப்ட்னா வருஷா வருஷம் என்பிஏ டீமுவ முறை வச்சு புது பிளேயர்கள எடுக்க தேர்வு. ஆசைக்கு கொறச்சல் இல்ல. அவனுவகிட்ட சொன்னத இங்கயும் போடுதேன், வயசு விஷயத்துல உங்களுக்கு ஏதாவது நடந்திருந்தா கீழ எழுதுங்க, அங்கத்த கதையானாலும் சரி நம்ம ஊரு கதையானாலும் சரி.

ஒரு காலத்துல ஸ்கூல் முடிச்சு நாலு வருஷம் கழிஞ்சாதான் என்பிஏல சேக்க முடியும்னு இருந்துச்சு. ஸ்பென்சர் ஹேவுட்னு ஒருத்தர் அத எதிர்த்து கேஸ் போட்டு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாரு, 1971ல தீர்ப்பு அவர் பக்கம் வந்துச்சு. பொறவு பைய பைய ஸ்கூல் பயலுவ நேரா வர ஆரம்பிச்சானுவ, 1995ல கெவின் கார்னெட், அடுத்த வருஷம் கோபி. டிராஃப்ட் அன்னைக்கு கோபிக்கு வயசு 17தான், அதனால கான்ட்ராக்டுல அப்பா அம்மாவும் சேந்து கையெழுத்து போட வேண்டி வந்துச்சு. 2003ல லெப்ரான். 2005ல ஆண்ட்ரூ பைனம் 18 வயசு 6 நாள்ல மேட்ச் ஆடுனான், அந்த ரெக்கார்ட இப்ப உள்ள ரூல் இருக்க வரைக்கும் யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது, ஏன்னா அந்த வருஷத்தோட வாசல சாத்தியாச்சு.

2006 டிராஃப்ட்லேந்து கணக்கு வேற. டிராஃப்ட் நடக்க அந்த வருஷம் டிசம்பர் 31க்குள்ள 19 ஆகணும், அமெரிக்கால படிச்ச பயலா இருந்தா கூடவே அவன் ஸ்கூல் பேட்ச் முடிஞ்சு ஒரு வருஷமும் போயிருக்கணும். அப்போ என்பிஏ கமிஷனரா, அதாவது லீக் தலைவரா இருந்த டேவிட் ஸ்டெர்ன் கேட்டது 20 வயசு. பிளேயர் யூனியன் ஒத்துக்கல. கொளச்சல்ல மீன் ஏலம் விடுத மாதிரி இழுத்து இழுத்து 19ல வந்து நின்னுச்சு. பதினெட்டு வயசு பயலுக்கு பக்குவம் பத்தாதுன்னு வெளிய சொன்னாலும், ஸ்கூல் கிரவுண்ட்ல மட்டும் பாத்த பயலுக்கு கோடி கணக்குல குடுக்கதுக்கு முன்னாடி இன்னும் ஒரு வருஷம் வேற எங்கயாவது ஆட விட்டு பாத்துக்கிடலாம்ங்கதுதான் டீம் முதலாளிமாரோட கணக்குன்னு எனக்கு தோணுது.

துபாய்ல ஒரு தக்கலைக்காரன்:
வெளுப்பாங்காலம் எந்திச்சு மேட்ச் பாத்துட்டு அப்டியே டியூட்டிக்கு போற ஆளு நான், அதனால இத கொஞ்சம் எழுத விடுங்க. இந்த ரூல்ல வயசு கூட இல்ல மக்கா, பிறந்த தேதிதான் விளையாடுது. பிரான்ஸ் பிளேயர் விக்டர் வெம்பன்யாமா பிறந்தது 2004 ஜனவரி 4. நாலே நாலு நாள் முந்தி பிறந்திருந்தா 2022 டிராஃப்ட்லயே பேர் குடுத்திருக்கலாம், அந்த நாலு நாளுக்காக 2023 வரைக்கும் பிரான்ஸ்லயே ஆடுனான். 2023ல அவன எடுத்த சான் அன்டோனியோ டீமுக்கு அடிச்சது லாட்டரி, 2022ல அவன் வந்திருந்தா எந்த டீமுக்கு போயிருப்பானோ யாருக்கு தெரியும்.

இதுக்கு நேர் எதிர் கூப்பர் ஃபிளாக். 2006 டிசம்பர் 21ல பிறந்தவன். ஸ்கூல்ல ஒரு வருஷத்த தாண்டி முன்னாடியே முடிச்சு டியூக் யுனிவர்சிட்டில ஒரு சீசன் ஆடி 2025 டிராஃப்ட்ல நம்பர் ஒன்னா டல்லாஸ் டீமுக்கு போனான், டிராஃப்ட் அன்னைக்கு அவனுக்கு 19 ஆகவே இல்ல, 18தான், ஆனா அந்த வருஷம் முடியதுக்குள்ள 19 ஆயிடும்லா அதனால ரூல் படி சரி. டிசம்பர்ல பெத்த அம்மா பிள்ளைக்கு ஒரு வருஷ சம்பளத்த சேத்து பெத்திருக்கா.

இன்னொண்ணு, அந்த ஒரு வருஷம் காலேஜுலதான் கழிக்கணும்னு எந்த ரூலும் கெடையாது. பிராண்டன் ஜென்னிங்ஸ் 2008ல இத்தாலிக்கு போய் ரோம் டீமுக்கு ஆடுனான். லமெலோ பால் ஆஸ்திரேலியால ஆடிட்டு 2020ல மூணாவது ஆளா போனான். என்பிஏவே இந்த பயலுவளுக்காக தனக்கு கீழ உள்ள ஜி லீக்ல இக்னைட்னு ஒரு டீம் வச்சு சம்பளம் குடுத்துச்சு, நம்ம பஞ்சாப் பையன் பிரின்ஸ்பால் சிங் கூட அதுல இருந்தான். 2024ல அத மூடிட்டானுவ. 2021க்கு அப்புறம் காலேஜ் பயலுவளே விளம்பரத்துல சம்பாதிக்கலாம்னு ஆன பிறகு அங்க எவன் போவான்?

மார்த்தாண்டத்துலேந்து ஒரு அம்மா:
எனக்கு என்பிஏ எல்லாம் தெரியாது தம்பி. என் மவன் ஒம்பதாம் கிளாஸ்லயே ஆறடி இருந்தான், அவங்க அப்பா வழி எல்லாரும் அப்டிதான். ஒரு செலக்சனுக்கு கூட்டிட்டு போனோம், அங்க வயசு டெஸ்டுன்னு எடது கை மணிக்கட்ட எக்ஸ்ரே எடுத்தாங்க. எலும்பு வயசு கூடுதலா காட்டுதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஆஸ்பத்திரில பிறந்த பிள்ளை, பிறந்த சர்டிபிகேட் எங்கையில இருக்கு, பிரசவம் பாத்த டாக்டரம்மா இன்னும் இருக்காங்க, யாருகிட்ட போய் சொல்ல? பொறவு எங்களுக்கு தெரிஞ்ச எலும்பு டாக்டர் ஒருத்தர் படத்த வெளிச்சத்துல தூக்கி பிடிச்சு காட்டுனாரு, கை எலும்பு நுனில ஒரு கோடு மாதிரி இடைவெளி இருக்கு பாருங்க, வளர வளர அது மூடிக்கிட்டே வரும், அது எவ்வளவு மூடிருக்குன்னு வச்சுதான் வயசு போடுறாங்க, சீக்கிரம் வளர்ற பிள்ளைகளுக்கு அது முன்கூட்டியே மூடும், அதுனால பிள்ளை பொய் சொல்லுதான்னு அர்த்தமில்லன்னு. எனக்கு அத கேட்ட பிறகுதான் ராத்திரி உறக்கம் வந்துச்சு. ஊர்ல அதுக்குள்ள பாதி பேரு நாங்க வயச மாத்திட்டோம்னு பேசியாச்சு.

ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர்:
அம்மா சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. டிடபிள்யூ 3ன்னு அந்த முறைக்கு பேரு, கிரிக்கெட்லயும் இததான் பாக்காங்க. ஆம்பள பிள்ளைகளுக்கு பதினாறரை வயசுக்கு மேல அந்த கணக்கு ஒண்ணும் சொல்லாது, எலும்பு மூடிருச்சுன்னா மூடிருச்சு, அவ்வளவுதான். அதனால பதினெட்டா பத்தொம்பதான்னு எக்ஸ்ரேய கேட்டு பிரயோஜனம் இல்ல, பேப்பர்தான் பேசும்.

ஆனா நம்மூர் பேப்பர் பேசுற அழகு இருக்கே. நான் சர்வீஸ்ல இருந்தப்ப ஒரு பையனுக்கு அண்டர் 16 ஃபார்ம் ஃபில் பண்ணிட்டு இருக்கேன், அவங்க அப்பா ஒரு கட்டு பேப்பர கொண்டு வந்து மேசைல வச்சாரு. பிறந்த சர்டிபிகேட், டிசி, அதுக்கு நடுவுல கோயில்ல குடுத்த ஞானஸ்நான சர்டிபிகேட்டும் இருக்கு. சும்மா தேதிய பாத்தேன். பிறக்கதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே பயலுக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கு! அப்பாவ பாத்தேன், அவரு ஃபேன பாத்தாரு. எல்லா பேப்பரையும் கவர்ல போட்டு அவரு கையிலயே குடுத்துட்டேன். எங்க காலத்து ஆளுங்களுக்கு இது தலகீழ், ஸ்கூல்ல ஒரு வருஷம் முன்னாடியே சேத்து விடணும்னு வயச கூட்டி மே மாசம் ஏதோ ஒரு தேதிய போட்டு விட்டுருவாங்க, எங்க ஸ்டாஃப் ரூம்ல பாதி பேருக்கு மே மாசம்தான் பிறந்தநாள். அப்படி கூட்டி போட்டவன் விளையாட வந்தா அண்டர் 16ல வயசு தாண்டிருச்சுன்னு வெளிய நிப்பான். கொறச்சு போட்டவன் அண்டர் 16ல ஜாலியா ஆடிட்டு, நீங்க சொல்ற டிராஃப்ட் மாதிரி இடத்துல வயசு பத்தாதுன்னு நிப்பான். சரியான தேதிய வச்சிருக்கவனுக்கு ரெண்டு இடத்துலயும் தலைவலி இல்ல, ஆனா அத சொன்னா அப்பாமாருக்கு கோவம் வரும்.

ரயில்வே கனவுல இருந்தவன்:
நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்துல வளந்தவன் நான். நம்ம பக்கத்துல புரொஃபஷனல் பிளேயர்னா என்ன, ஸ்போர்ட்ஸ் கோட்டால ஒரு வேல, அவ்வளவுதான். ரயில்வேக்கு 18 முடிஞ்சிருக்கணும் 25 தாண்டக்கூடாது, வயசுல சலுகை கிடையாது. நான் பிளஸ் டூ முடிச்சப்ப நல்ல ஃபார்ம், ஆனா அவங்க வயசு கணக்கு எடுக்க தேதில எனக்கு 18 ஆகல, ஒரு சீசன் போச்சு. அடுத்த வருஷம் ட்ரையலுக்கு முட்டிய பிடிச்சுக்கிட்டுதான் போனேன். இப்ப மொபைல் கட வச்சிருக்கேன், நல்லாதான் இருக்கேன். அமெரிக்காக்காரன் ஒரு வருஷம் காத்து இருக்கதுக்கு அவனுக்கு காலேஜ், பிசியோ, ஜிம் எல்லாம் இருக்கு, நமக்கு அந்த ஒரு வருஷம் சிமெண்ட் தரைல ஆடி முட்டி போறதுதான்.

கொளச்சல்காரி:
எல்லாரும் பசங்க கதையே பேசுறீங்க. பொண்ணுங்க லீக் டபிள்யூஎன்பிஏல இத்தன வருஷமா இருந்த ரூல் என்னன்னு யாருக்காவது தெரியுமா? அமெரிக்கா பொண்ணுன்னா டிராஃப்ட் வருஷத்துல 22 ஆகணும் இல்லாட்டி டிகிரி முடிக்கணும், வெளிநாட்டு பொண்ணுன்னா 20. கெய்ட்லின் கிளார்க் எவ்வளவு பெரிய ஆளு, அவ கூட அயோவா காலேஜ்ல நாலு வருஷம் ஆடிட்டு 2024லதான் போனா. ஆம்பளைக்கு 19, பொம்பளைக்கு 22, இதுல என்ன பக்குவ கணக்குன்னு எனக்கு இன்னும் விளங்கல. நம்ம ஊர்ல இன்னும் கேவலம், எனக்கு 19 வயசுல காலேஜ் டீம்ல இடம் கிடைச்ச அதே மாசம் பொண்ணு பாக்க ஆள் வந்தாச்சு. ஷார்ட்ஸோட கோர்ட்டுல நிக்கேன், அத்தை ஃபோன் போட்டு மாப்பிள்ள வீட்டுக்காரங்க வடசேரி வந்துட்டாங்க சேலைய கட்டிட்டு வான்னு சொல்றாங்க. நான் ஃபைனல் ஆடிட்டுதான் போனேன். அந்த சம்பந்தம் நடக்கல, கப்பு வீட்டுல இருக்கு.

கருங்கல் பாயிண்ட் கார்டு:
அக்கா சூப்பர். பயலுவளுக்கு ஒரு விஷயம் விட்டுட்டேன், சத்னாம் சிங். பஞ்சாப்ல ஒரு சின்ன கிராமம், 2010ல 14 வயசுல ஸ்காலர்ஷிப்ல ஃபுளோரிடால ஐஎம்ஜி அகாடமிங்க ஸ்போர்ட்ஸ் ஸ்கூலுக்கு போனான், ஏழடி ரெண்டு இஞ்ச். காலேஜுக்கு போகாம 2015ல நேரா டிராஃப்ட்டுக்கு பேர் குடுத்தான், ஸ்கூல் பேட்ச் முடிஞ்சு ஒரு வருஷம் அங்கயே கூடுதலா இருந்ததால ரூல் இடிக்கல. டல்லாஸ் 52வது ஆளா எடுத்துச்சு, டிராஃப்ட்ல போன மொத இந்தியன் அவன்தான். ஆனா என்பிஏ மேட்ச் ஒண்ணு கூட ஆட கிடைக்கல, கீழ டி லீக்லதான் (இப்ப அதுக்கு ஜி லீக்னு பேரு) ஆடுனான். இந்த ரெண்டாவது பாதியையும் சேத்துதான் நான் பயலுவகிட்ட சொல்லுதேன், சில பேருக்கு முகம் வாடுது, வாடட்டும். நம்ம ஊர்லயே இருந்து ஆடுறவன்னா 19 ஆக வருஷத்துலேந்து பேர் குடுக்கலாம், பேரே குடுக்கலன்னாலும் 22 ஆக வருஷம் தானா லிஸ்ட்டுல வந்துருவான். கூப்பிடுவானா இல்லியாங்கது வேற விஷயம்.

நியூ மெம்பர், 11ஆம் கிளாஸ்:
அண்ணா என் ஆதார்ல பிறந்த வருஷம் மட்டும்தான் இருக்கு, தேதி மாசம் ஒண்ணும் இல்ல. டோர்னமென்ட் ஃபார்ம்ல என்ன போட?

கருங்கல் பாயிண்ட் கார்டு:
பிறந்த சர்டிபிகேட்ல என்ன இருக்கோ அத போடு. பத்தாம் கிளாஸ் மார்க்‌ஷீட்லயும் அதே தேதிதானான்னு இன்னைக்கே பாரு. பொறவு அப்பாவ கூட்டிட்டு ஆதார் சென்டருக்கு போய் தேதிய ஏத்து, பிறந்த தேதிய ஒரு தடவைதான் மாத்த விடுவான், அங்க டைப் பண்றவரு பக்கத்துல நின்னு ஸ்கிரீன பாத்துட்டு ஓகே சொல்லு.