மீசையைப் பிடித்து இழுத்தால் கரப்பான் பூச்சி பின்னாலேயே போகிறது, இது என்ன குளவி?

காவிரிக்கரை:
நேற்று மதியம் கொல்லையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் பார்த்தேன். மயில் கழுத்து நிறத்தில் பளபளவென்று ஒரு குளவி, முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும், பின்னங்கால் தொடைகள் மட்டும் நல்ல சிவப்பு. தன்னைவிடப் பெரிய கரப்பான் பூச்சி ஒன்றின் மீசையைக் கவ்விக்கொண்டு பின்பக்கமாக நடந்து போனது. செத்த பூச்சியைத்தான் இழுக்கிறது என்று முதலில் நினைத்தேன். குனிந்து பார்த்தால், கரப்பான் தன் காலாலேயே நடக்கிறது, கயிற்றைப் பிடித்தால் கூடவே வரும் கன்றுக்குட்டி மாதிரி! பக்கத்தில் துடைப்பத்தால் தட்டினேன், அப்போதும் ஓடவில்லை. மதிலில் செங்கல் பெயர்ந்த ஓட்டைக்குள் இரண்டும் போயின. கொஞ்ச நேரம் கழித்துக் குளவி மட்டும் வெளியே வந்து, சின்னக் கல், காய்ந்த இலைத் துண்டு என்று பொறுக்கி வந்து வாசலை அடைத்துவிட்டுப் பறந்துவிட்டது.

என் மகளுக்கு ஒன்பது வயது. கூடவே உட்கார்ந்து பார்த்தவள், "எங்க போறோம்னு அதுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கரப்பானுக்கு என்ன ஆகும்? ஓட்டையைத் திறந்து எடுத்துவிடலாமா? குழந்தையைக் கொட்டுமா?

பூச்சிக்காரன்:
நீங்கள் பார்த்தது ஆம்புலெக்ஸ் கம்ப்ரெஸ்ஸா. மரகதக் குளவி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியா முழுக்கவே உண்டு, ஆனால் கரப்பானோடு நடந்து போவதைக் கண்ணால் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். கொட்டுமா என்றால், கூட்டமாக வாழ்கிற குளவி இல்லை, காக்கக் கூடும் கிடையாது, அதனால் தானாக வந்து கொட்டாது. கையால் பிடித்தால்தான் வம்பு.

நீங்கள் பார்த்ததற்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். குளவி இரண்டு முறை கொட்டியிருக்கும். முதல் கொட்டு நெஞ்சுப் பகுதியில், அதில் முன்னங்கால்கள் சில நிமிடம் மரத்துப்போகும், கரப்பானால் தடுக்க முடியாது. அந்த நேரத்துக்குள் இரண்டாவது கொட்டு, கழுத்து வழியாக நேராக மூளைக்குள். குத்துமதிப்பாக இல்லை, கொடுக்கின் நுனியிலேயே உணர்வு இருக்கிறது. இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடெரிக் லிபர்சாட் குழுவினர் மூளையை எடுத்துவிட்ட கரப்பானைக் கொடுத்துப் பார்த்தபோது, குளவி கொடுக்கை வெளியே எடுக்காமல் உள்ளே நெடுநேரம் துழாவிக்கொண்டே இருந்தது.

இரண்டாவது கொட்டுக்கு அப்புறம் கரப்பான் அரை மணி நேரம் போலத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொண்டு நிற்கும். குளவி அதற்குள் ஓட்டை தேடிவிட்டு வந்து, மீசையைப் பாதியில் நறுக்கி, வழிகிற ரத்தத்தைக் கொஞ்சம் குடித்துவிட்டு, மிச்சத்தைப் பிடித்துக் கூட்டிப்போகும். உள்ளே போனதும் நடுக்காலில் ஒரே ஒரு முட்டை. புழு வெளியிலிருந்து சில நாள் உறிஞ்சிவிட்டு உடம்புக்குள் நுழைந்துவிடும். உள்ளே இருந்தபடியே கிருமி கொல்லும் திரவத்தைத் துப்பிக் கரப்பான் அழுகாமல் பார்த்துக்கொள்கிறது, இதை 2013இல் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய ஆறு வாரத்தில் புதுக் குளவி வெளியே வரும்.

உங்கள் மகளின் கேள்விக்கு என்னால் முடிந்த பதில்: நஞ்சு காலை முடக்கவில்லை. மல்லாக்கப் போட்டால் கரப்பான் புரண்டு எழுகிறது, இழுத்தால் நடக்கிறது. தானாகக் கிளம்புவது மட்டும் போய்விடுகிறது. பூச்சிகளின் மூளையில் ஆக்டோபமைன் என்று ஒரு வேதிப்பொருள், கிளம்பு என்று உசுப்புவது அதுதான். அதற்கு ஈடான மருந்தைச் செலுத்தினால் கொட்டு வாங்கிய கரப்பான் மறுபடி தானே நடக்கத் தொடங்குகிறது. முட்டை வைக்காமல் விட்டால் ஒரு வாரத்தில் தெளிந்தும் விடும்.

மலையடிவாரம்:
இதைவிடப் பயங்கரம் எறும்பு. தாய்லாந்துக் காடுகளில் உச்சிக் கிளைகளில் கூடு கட்டும் கட்டெறும்பு வகை, ஓஃபியோகார்டிசெப்ஸ் என்ற பூஞ்சை பிடித்தால் வலிப்பு வந்து கீழே விழுகிறது. தரையிலிருந்து 25 செ.மீ. உயரத்தில், இலையின் அடிப்பக்க நரம்பை, நட்டநடுப் பகலில் கவ்விக் கடிக்கிறது, அப்படியே செத்தும் போகிறது. செத்த பிறகும் பிடி விடாது. சில நாளில் தலைக்குப் பின்னாலிருந்து ஒரு காம்பு முளைத்துக் கீழே நடமாடும் எறும்புகள் மேல் வித்துகளைத் தூவும். அந்த இலையை எடுத்துத் தரையிலோ மரத்து உச்சியிலோ வைத்துப் பார்த்தார்கள், பூஞ்சை சரியாக வளரவே இல்லை. தனக்கு வேண்டிய உயரம், ஈரம் எல்லாவற்றுக்கும் எறும்பைக் கூட்டிப்போகிறது. மூளையைத் தின்றுவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது.

பூச்சிக்காரன்:
கடைசி வரியை மட்டும் திருத்த வேண்டும், பல இடங்களில் இப்படித்தான் எழுதிவிடுகிறார்கள். 2017இல் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகக் குழு எறும்பின் உடம்பை மெல்லிய சீவல்களாக்கிப் படமெடுத்துப் பார்த்தது. பூஞ்சை தலையில் இருந்தது, வயிற்றில் இருந்தது, கால் தசையில் இருந்தது, தசைநார்களைச் சுற்றி ஒன்றோடொன்று கோத்து வலை பின்னியிருந்தது. மூளைக்குள் மட்டும் போகவில்லை. குளவி நேரே மூளைக்கு ஊசி போடுகிறது, பூஞ்சையோ அதைத் தொடாமல், வெளியிலிருந்தே ஏதோ சுரந்து வேலை வாங்குகிறது என்றுதான் கருதுகிறார்கள். எனக்கு இது இன்னும் கலக்கமாக இருக்கிறது, அந்த எறும்பின் மூளை கடைசி வரைக்கும் முழுசாக உள்ளேயே இருக்கிறது.

எவ்வளவு பழைய கதை என்றால், ஜெர்மனியில் மெஸ்ஸல் என்ற இடத்தில் கிடைத்த 4.8 கோடி ஆண்டுப் பழைய இலைப் புதைபடிவத்தில், நரம்பை ஒட்டி அதே கடித் தழும்புகள்.

பழைய_வாத்தியார்:
எறும்புக்கும் கரப்பானுக்கும் போவானேன், மனிதனையே ஒரு புழு தண்ணீருக்கு நடத்திக்கொண்டு போயிருக்கிறது. நரம்புச் சிலந்தி. இப்போதைய பிள்ளைகளுக்குப் பெயரே தெரியாது, அது நல்லதுதான்.

என் தாத்தாவுக்கு வந்திருந்தது. கணுக்காலுக்கு மேலே கொப்புளம், நெருப்பை வைத்தது போல எரியுமாம். எரிச்சல் தாளாமல் படிக்கிணற்றில் இறங்கிக் காலை நனைப்பார், நனைத்தால் சற்றுக் குளிரும். புழுவுக்கு வேண்டியதும் அதுதான். தண்ணீர் பட்டதும் கொப்புளம் உடைந்து லட்சக்கணக்கான குஞ்சுகளைக் கிணற்றில் விட்டுவிடும். அதைத் தெள்ளு மாதிரி நீரில் துள்ளும் சின்னஞ்சிறு பூச்சிகள் தின்னும், அந்தத் தண்ணீரை வடிகட்டாமல் குடிப்பவருக்கு ஒரு வருஷம் கழித்துக் காலில் கொப்புளம். மருந்து கிடையாது. நூல் கனத்தில் எட்டிப் பார்க்கும் புழுவின் தலையைக் குச்சியில் சுற்றி, தினம் விரற்கடை அளவு இழுப்பார் பாட்டி. அவசரப்பட்டு அறுந்துவிட்டால் கால் வீங்கிச் சீழ் வைக்கும். முழுப் புழு மூன்றடி வரை இருக்கும்.

தமிழ்நாட்டிலும் இருந்த நோய்தான். நாடு முழுக்கப் படிக்கிணறுகளை மாற்றி, துணியில் வடிகட்டச் சொல்லி, ஊர் ஊராகப் போய் ஒழித்தார்கள். இந்தியாவின் கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில், 2000இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. இந்தப் புழு மூளைப் பக்கமே போகவில்லை, ஓர் எரிச்சலைக் கொடுத்தது, மிச்சத்தை மனிதனே செய்துகொண்டான். தாத்தாவைக் கேட்டிருந்தால், என் கால் எரிந்தது, நானாகத்தான் இறங்கினேன் என்றுதான் சொல்லியிருப்பார்.

காவிரிக்கரை:
ஐயா, இதைப் படித்ததும் என் மாமியாரிடம் கேட்டேன். அவருக்கும் தெரிந்திருக்கிறது, குச்சியில் சுற்றுவதைக் கையாலேயே செய்து காட்டினார். பூச்சிக்காரன் அண்ணா சொன்னதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு வாரத்தில் தெளிந்துவிடும் என்றதும் ஓட்டையைத் திறக்கச் சொல்லி அழுதாள். ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுக் காலையில் அவளே வேண்டாம் என்றுவிட்டாள், அதற்குள் முட்டை வைத்திருக்கும் இல்லையா. காலண்டரில் ஆறு வாரம் முடிகிற தேதியை வட்டமிட்டு வைத்திருக்கிறோம், வாசலில் கல் அப்படியே இருக்கிறது.

காவிரிக்கரை (நாற்பத்து நான்காம் நாள்):
இன்று காலை கல் இரண்டு கீழே விழுந்து கிடந்தது. டார்ச் அடித்துப் பார்த்தோம். கரப்பானின் கூடு அப்படியே உட்கார்ந்திருக்கிறது, கால் எல்லாம் இருக்கிறது, உடம்பில் மட்டும் உள்ளிருந்து உடைத்த ஓர் ஓட்டை. குளவியைப் பார்க்க முடியவில்லை. மகள் அந்தக் கூட்டைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் பள்ளிக்கு எடுத்துப் போயிருக்கிறாள்.