திரைக்கதை மட்டும் எழுத ஆசை, இயக்குநர் ஆகும் ஆசை இல்லை. தமிழ் சினிமாவில் வழி இருக்கிறதா?

மாசிவீதி:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு தனியார் வங்கியில் வேலை பார்க்கிறேன். வயது 26, படித்தது தமிழ் இலக்கியம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மொத்த வியாபாரம் செய்கிற ஒரு அம்மா, கடன் முற்றிய பிறகு அந்தக் கடையை எடுத்து நடத்த வரும் மகள், இவர்களை வைத்து ஒரு முழுநீளத் திரைக்கதை எழுதி முடித்திருக்கிறேன். 118 பக்கம் வந்திருக்கிறது. இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் உட்கார்ந்து எழுதியது. படித்த இரண்டு தோழிகளும் நன்றாக இருக்கிறது என்றார்கள், ஆனால் அவர்கள் என் தோழிகள், வேறென்ன சொல்வார்கள்.

எனக்கு இயக்க வேண்டாம். ஸ்பாட்டில் நூறு பேரை வேலை வாங்குவது என் இயல்பு இல்லை, எழுதத்தான் பிடிக்கிறது. இதை யாரிடம் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது? தயாரிப்பு நிறுவனங்களின் மின்னஞ்சலுக்கு அனுப்பிப் பார்த்தேன், ஒருவரும் பதில் போடவில்லை. வேலையை விட்டுவிட்டு சென்னைக்கு வந்து உதவி இயக்குநராகச் சேர்ந்தால்தான் உள்ளே போக முடியும் என்று சொல்கிறார்கள், உண்மையா? அதற்கு முன்னால் கதையை எங்காவது பதிவு செய்ய வேண்டுமா? ஏதாவது படிப்பு படிக்கலாமா? வீட்டில் வேலையை விடச் சம்மதிக்க மாட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். துறையில் இருப்பவர்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் பதில் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

கிளாப்பலகை:

தங்கச்சி, நான் கோ-டைரக்டராக இருக்கிறேன், அதனால் நேராகவே சொல்கிறேன். எழுதி முடித்த திரைக்கதையைத் தயாரிப்பாளர் படித்துப் பார்த்து, பணம் கொடுத்து வாங்கி, வேறொரு இயக்குநரை வைத்து எடுப்பது தமிழில் மிகவும் அபூர்வம். டைட்டில் கார்டைப் பாருங்கள், ‘கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்’ என்று பெரும்பாலும் ஒரே பெயர்தான் வரும். முன்பு இப்படி இல்லை. இளங்கோவன் வசனத்துக்காகவே படம் பார்க்கப் போனவர்கள் இருந்தார்கள், கலைஞர், ஆரூர்தாஸ் பெயர்களுக்கு விளம்பரத்தில் நடிகர்களுக்குச் சமமான மதிப்பு இருந்தது, பாரதிராஜாவின் ஆரம்பகாலப் படங்களுக்கு ஆர். செல்வராஜ் கதை கொடுத்தார். 80களில் பாக்யராஜ், டி. ராஜேந்தர் போன்றவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதி இயக்கி ஜெயித்த பிறகு, எழுதுபவன்தான் இயக்க வேண்டும் என்ற எண்ணம் தயாரிப்பாளர்கள் மனதில் ஊறிவிட்டது. மலையாளத்தில் எம்.டி. வாசுதேவன் நாயர், லோகிததாஸ் எல்லாம் எழுத்தாளராகவே பெரிய பெயர் வாங்கினார்கள். அந்த மரியாதை இங்கே எழுத்தாளனுக்கு இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்தான்.

மின்னஞ்சலுக்குப் பதில் வராததை நினைத்து மனம் தளராதீர்கள். இங்கே தயாரிப்பாளர் கதையைப் படிப்பதில்லை, கேட்பார். இரண்டு மணி நேரம், இரண்டரை மணி நேரம், இடைவேளை எங்கே வருகிறது, பாட்டு எங்கே வருகிறது என்பது வரை வாயால் சொல்ல வேண்டும். ஹீரோவிடம் போவதற்கு முன் அவருடைய மேனேஜர் இருபது நிமிடம் கேட்பார், அதற்கும் முன்னால் ‘லைன் என்ன?’ என்று, அதாவது ஒரே வரியில் கதை என்ன என்று, ஒருவர் போனிலேயே கேட்பார். நன்றாக எழுதத் தெரிந்து, சொல்லத் தெரியாததால் வருஷக்கணக்கில் நின்றுபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் உங்கள் கதையை யாருக்காவது முழுதாகச் சொல்லிப் பழகுங்கள். தோழிக்கு வேண்டாம், கதை பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடக்கூடிய ஆளுக்குச் சொல்லுங்கள்.

உதவி இயக்குநர் விஷயம். நாலு பேர் சேர்ந்து அறையில் உட்கார்ந்து சீன் சீனாகப் பேசிப் பேசி உடைக்கிற அந்த டிஸ்கஷன்தான் உங்களுக்கு உண்மையான பள்ளிக்கூடம், வேறெங்கும் அது கிடைக்காது. பாலு மகேந்திராவிடம் இருந்துதான் பாலா, வெற்றிமாறன், ராம் வந்தார்கள், ராமிடம் இருந்து மாரி செல்வராஜ் வந்தார். ஆனால் பணத்தை எண்ணி வராதீர்கள். டிஸ்கஷன் நடக்கிற மாதங்களில் பல இடங்களில் சாப்பாடும் டீயும்தான், பேட்டா என்கிற தினப்படி ஷூட்டிங் ஆரம்பித்த பிறகுதான். ஸ்பாட்டிலும் உங்களை எழுதச் சொல்ல மாட்டார்கள். கிளாப் அடிப்பது, கன்டினியுட்டி பார்ப்பது (ஷாட்டுக்கு ஷாட் உடையும் பொருளும் மாறாமல் இருக்கிறதா என்று), ஆர்ட்டிஸ்டுக்கு டயலாக் சொல்லிக் கொடுப்பது, காஸ்ட்யூம் சரியாக வந்ததா என்று ஓடுவது, இதுதான் வேலை. கையில் ஒரு வருடத்துக்குச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பணம் இல்லாமல் வேலையை விடாதீர்கள் என்றுதான் என்னிடம் கேட்கிற எல்லோருக்கும் சொல்கிறேன், உங்களுக்கும் அதே.

எபிசோடுக்காரி:

அண்ணன் சொன்ன சினிமா நிலவரம் சரி. ஆனால் எழுத்தை மட்டும் வைத்துச் சம்பாதிக்க வழியே இல்லை என்று யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம், நான் அதில்தான் குடும்பம் நடத்துகிறேன். சீரியலில் கதை, திரைக்கதை, வசனம் மூன்றுக்கும் தனித்தனி ஆள், தனித்தனிப் பெயர், எபிசோடு கணக்கில் பணம். சீரியல் என்றாலே பலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் கிடைத்த பயிற்சி வேறெங்கும் கிடைத்திருக்காது. நாளைக்குக் காலை ஷூட்டிங், இரவு பதினோரு மணிக்கு ஒரு நடிகை வரமாட்டார் என்று போன் வரும், அவர் இல்லாமல் அதே சீனை விடிவதற்குள் திருப்பி எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே ‘மூட் இல்லை’ என்று சொல்ல முடியாது.

இன்னொரு வழி வெப் சீரிஸ். எட்டு எபிசோடை ஒரே ஆள் எழுதி முடிப்பது கஷ்டம், அதனால் எழுத்தாளர்களைக் குழுவாக உட்கார வைக்கும் பழக்கம் இப்போது மெதுவாக வந்துகொண்டிருக்கிறது. 2022இல் வந்த சுழல் தொடரை எழுதிய புஷ்கர் காயத்ரி இருவரும் அதை இயக்கவில்லை, வேறு இருவர் இயக்கினார்கள். எழுதியவர் வேறு, இயக்கியவர் வேறு என்பதை ஏற்றுக்கொள்கிற இடம் அதுதான். சினிமாவிலும் கூட்டு எழுத்து இல்லாமல் இல்லை. சார்பட்டா பரம்பரையை பா. ரஞ்சித்தோடு சேர்ந்து எழுதிய தமிழ் பிரபா நாவலாசிரியர். சூப்பர் டீலக்ஸில் தியாகராஜன் குமாரராஜாவோடு மிஷ்கின், நலன் குமாரசாமி, நீலன் கே. சேகர் ஆகியோரின் எழுத்தும் இருக்கிறது. ஒரு இயக்குநருக்கு நம்பிக்கையான எழுத்துத் துணையாக ஆவது, உங்களைப் போல இயக்க விரும்பாதவர்களுக்கு இருக்கிற நேர்வழி என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம், பெண் என்பதால் ஒன்று சொல்கிறேன். டிஸ்கஷன் எங்கே, யார் யார் இருப்பார்கள், எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம். சரியான டீமாக இருந்தால் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்கள். ‘நைட்டு கதை பேசலாம், தனியா வா’ என்கிறவனிடம் கதை பேச எதுவும் இல்லை. அதே மாதிரி உதவி இயக்குநர் வாய்ப்பு தருகிறேன், தயாரிப்பாளரை அறிமுகப்படுத்துகிறேன் என்று பணம் கேட்கிற எவனும் ஏமாற்றுக்காரன். இந்தத் துறையில் வேலை செய்தால் நமக்குத்தான் பணம் தர வேண்டும்.

ஒத்திகை_இல்லை:

நான் வக்கீல், சினிமா ஒப்பந்தங்கள் பார்க்கிறேன். பதிவு பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன்.

முதலில், கதையை இங்கே சொன்ன அளவு போதும், இதற்கு மேல் விரிக்காதீர்கள். 1957ஆம் ஆண்டு காப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி நீங்கள் எழுதியவுடனேயே அந்த எழுத்தின் உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது, பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் யார் முதலில் எழுதியது என்று நிரூபிக்கும் நாள் வந்தால் தேதியோடு ஒரு அத்தாட்சி கையில் இருக்க வேண்டும். மத்திய அரசின் காப்புரிமை அலுவலகத்தில் இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம், இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய் கட்டணம், ஆட்சேபம் வருகிறதா என்று பார்க்க 30 நாள் காத்திருக்க வேண்டும். சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்திலும் பதியலாம். சங்கப் பதிவு வெறும் காகிதம் என்பவர்களுக்கு 2018ஐ நினைவுபடுத்துகிறேன். சர்க்கார் படத்தின் கதைக்கும் சங்கத்தில் ஏற்கெனவே பதிவான ஒரு கதைக்கும் ஒற்றுமை இருக்கிறது என்று அப்போது தலைவராக இருந்த பாக்யராஜே சொன்னார், விஷயம் உயர் நீதிமன்றம் வரை போய்ச் சமரசத்தில் முடிந்தது, அந்த எழுத்தாளரின் பெயரைக் குறிப்பிட்டுப் படத்தில் அறிவிப்பு போட்டார்கள்.

ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும், ‘பூ மார்க்கெட்டில் அம்மா மகள்’ என்ற கருவுக்கு உரிமை கோர முடியாது. 1978இல் ஒரு நாடக ஆசிரியர் ஓர் இந்திப் படத்தின் மேல் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது, கருவுக்குப் பாதுகாப்பு கிடையாது, அதை நீங்கள் வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு, அந்த நாடக ஆசிரியர் தோற்றுப்போனார். ஆகவே ஒரு பக்கச் சுருக்கத்தைப் பதிந்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், 118 பக்கத்தையும் பதியுங்கள். திருத்தி எழுதினால் திருத்தியதையும் பதியுங்கள்.

யாரிடமாவது கதை சொல்லிவிட்டு வந்தால் அன்றைக்கே ‘இன்று இன்ன கதையைக் கேட்டதற்கு நன்றி’ என்று ஒரு மின்னஞ்சலோ வாட்ஸப் செய்தியோ அனுப்புங்கள். மரியாதையாகவும் இருக்கும், சாட்சியாகவும் நிற்கும். ஒப்பந்தம் என்று வரும்போது தொகையை மட்டும் பார்க்காமல், டைட்டிலில் பெயர் எப்படி வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, தியேட்டர் தவிர்த்த பயன்பாடுகளில் எழுத்தாளருக்கு உள்ள ராயல்டி பங்கை எழுதிக் கொடுத்து விட்டுவிடவும் முடியாது. இது தெரியாமல் எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போடும் எழுத்தாளர்கள் இன்றைக்கும் வருகிறார்கள்.

ஸ்டீன்பெக்:

எடிட்டர். படிப்பு பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான். தரமணியில் இருக்கும் அரசு எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் இயக்கமும் திரைக்கதையும் சேர்ந்த பட்டப்படிப்பு நான்கு வருடம், அது பிளஸ் டூ முடித்து வருகிறவர்களுக்கானது, உங்களுக்கு ஒத்துவராது. புனே திரைப்படக் கல்லூரியில் திரைக்கதை எழுத்துக்கென்றே தனிப் படிப்பு இருக்கிறது, எந்தப் பட்டம் வாங்கியவரும் நுழைவுத் தேர்வு எழுதலாம். போனால் நல்லது, போகாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. மணிரத்னம் யாரிடமும் உதவியாளராக இருந்ததில்லை, மேனேஜ்மென்ட் படித்தவர். லோகேஷ் கனகராஜ் உங்களைப் போல வங்கியில் வேலை பார்த்தவர், குறும்படம் எடுத்துத்தான் வந்தார். கார்த்திக் சுப்பராஜ், நலன், பாலாஜி மோகன் எல்லோரும் டிவி குறும்படப் போட்டியில் தெரிந்தவர்கள். கூழாங்கல் படம் எடுத்து 2021இல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கிய பி.எஸ். வினோத்ராஜ் உங்கள் மதுரைப் பக்கம்தான்.

உங்கள் 118 பக்கம் எத்தனை நிமிடம் ஓடும் தெரியுமா? ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு ஆங்கில வடிவத்துக்குச் சொன்னது. நம் ஆட்கள் பலர் பக்கத்தை இரண்டாக மடித்து இடது பக்கம் காட்சி, வலது பக்கம் வசனம் என்று எழுதுகிறார்கள், அதில் கணக்கு அப்படியே மாறிவிடும். ‘பாடல்’ என்று நீங்கள் ஒரு வரி போட்டிருந்தால் அது நாலு நிமிடம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு, நடிப்பதற்கு இடைவெளி விட்டு, முழுவதும் படியுங்கள். இரண்டே முக்கால் மணி நேரம் வந்தால் கைவைக்க வேண்டியதுதான். எடிட் மேஜையில் நான் முதலில் தூக்குவது சீனின் முதல் சில வசனங்களையும் கடைசிச் சில வசனங்களையும்தான். ‘வாங்க, எப்ப வந்தீங்க, உக்காருங்க’, அப்புறம் ‘சரி நான் கிளம்புறேன்’. விஷயம் நடுவில் இருக்கும். அதை நீங்களே எழுத்தில் செய்துவிட்டால் பத்துப் பதினைந்து பக்கம் குறையும்.

அப்புறம் இயக்க வேண்டாம் என்கிறீர்கள், சரி. ஆனால் ஒரே ஒரு சீனையாவது எடுத்துப் பாருங்கள். விடியற்காலை ஏலம் நடக்கிற சீன் ஏதாவது உங்கள் கதையில் கட்டாயம் இருக்கும். வியாபாரிகளிடம் அனுமதி கேட்டு, போனிலேயே, இரண்டு நாடகக்காரர்களை வைத்து எடுத்து, யாராவது எடிட்டிங் படிக்கிற பையனிடம் கொடுத்து வெட்டச் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எழுதும்போது அழ வைத்த வசனம் திரையில் தேவையே இல்லாமல் நிற்பதைக் கண்ணால் பார்த்தால்தான் புரியும். சொல்லிப் புரியவைக்க என்னால் முடியாது.

மாசிவீதி:

இவ்வளவு பேர் இவ்வளவு நீளமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை கடிகாரம் வைத்து முதல் பாதியை மட்டும் படித்தேன், இடைவேளைக்கே ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது! முதலில் வெட்டுகிறேன், பிறகு பதிகிறேன். வேலையை இப்போதைக்கு விடவில்லை.

எபிசோடுக்காரி அக்கா, ஒரு கேள்வி. சீரியலுக்கு வசனம் எழுத மதுரையில் இருந்தபடியே முடியுமா? யாரிடம் எதைக் காட்டிக் கேட்பது?

எபிசோடுக்காரி:

முடியும்மா, வசனம் எழுதுகிற பலர் வீட்டிலிருந்தே அனுப்புகிறார்கள். ஆனால் முதல் வாய்ப்பு சேனலிடம் கேட்டுக் கிடைக்காது. ஏற்கெனவே எழுதுகிற வசனகர்த்தாக்களுக்கு வேலைப் பளு தாங்காமல் உதவிக்கு ஆள் தேவைப்படும், அவர்களைத்தான் பிடிக்க வேண்டும், பெயர் தினமும் டைட்டிலில் ஓடுகிறதே. ஓடிக்கொண்டிருக்கிற ஒரு சீரியலை இரண்டு வாரம் பார்த்து, அதே கதாபாத்திரங்களை வைத்து நீங்களாக மூன்று சீன் எழுதி அனுப்புங்கள். உங்கள் திரைக்கதையை அனுப்பாதீர்கள், அவருக்குப் படிக்க நேரம் இருக்காது. அவருடைய சீரியலில் அந்த மாமியார் எப்படிப் பேசுவாள் என்று உங்களுக்குப் பிடிபட்டிருக்கிறதா என்பதை மட்டும்தான் பார்ப்பார். மதுரைப் பேச்சு கையில் இருப்பது உங்களுக்குப் பெரிய பலம், அந்தப் பக்கக் கதை ஓடுகிற சீரியலாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆரம்பத்தில் பெயர் வராது, பணமும் குறைவுதான். ஆனாலும் எத்தனை எபிசோடு, எபிசோடுக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் என்று வாட்ஸப்பிலாவது எழுதி வாங்கிக்கொண்டு ஆரம்பியுங்கள்.