‘ஐஸ் ஓவர்’ என்றால் ‘உறைந்துவிட்டது’ என்று எழுதலாமா?

பெரம்பூர் வாசகி:
குழந்தைகளுக்கான ஆங்கில அறிவியல் கதை ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘தி லேக் ஐஸ்டு ஓவர்’ என்று ஒரு வரி. ‘ஏரி உறைந்துவிட்டது’ என்று போட்டுவிட்டு அடுத்த பத்திக்கு வந்தால் அதே ஏரியில் மீன்கள் நீந்துகின்றன. ஏழாவது படிக்கும் என் மகள், “உறைஞ்ச ஏரியில மீன் எப்படிம்மா நீந்தும்?” என்று கேட்டுவிட்டாள். ஃப்ரீசரைத் தவிர வேறெங்கும் ஐஸ் கட்டிப் பார்த்திராத சென்னைக்காரி நான். அந்த ‘ஓவர்’ என்னதான் சொல்கிறது? ‘ஃப்ரீஸ் ஓவர்’, ‘ஐஸ் அப்’ எல்லாமே இதுதானா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
மகள் பிடித்தது சரியான இடம் அம்மா. உறைந்தது என்றால் நமக்குத் தயிர் ஞாபகம் வரும், பாத்திரம் முழுக்க உறைந்திருக்கும். இது அப்படியில்லை, காய்ச்சிய பாலின்மேல் ஆடை படிகிற மாதிரி, மேலே மட்டும். தண்ணீருக்கு 4 டிகிரி செல்சியஸில்தான் அடர்த்தி அதிகம், அதற்கும் கீழே குளிர்ந்தால் லேசாகி மேலேயே நின்றுவிடும், அங்கேதான் முதலில் ஐஸ் கட்டும், கட்டிய ஐஸும் மிதக்கும், அடியில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். ஏரி, ஆறு என்றால் ‘ஃப்ரீஸ் ஓவர்’ என்றாலும் அதே பொருள்தான். ஆனால் சாலை, கார் கண்ணாடி போன்றவற்றுக்கு ‘ஐஸ் ஓவர்’ போடுங்கள், அவை தாமே உறைவதில்லை, மேலே ஐஸ் படிகிறது, அவ்வளவுதான்.

அம்பத்தூர் ஏசி மெக்கானிக்:
‘ஐஸ் அப்’ எங்கள் தொழிலில் தினமும் வருவது. ஃபில்டரில் தூசி அடைத்தாலோ கேஸ் குறைந்தாலோ ஏசிக்குள் குளிர்விக்கும் குழாய்ச் சுருள், அதாவது ‘காயில்’, பூஜ்யம் டிகிரிக்கும் கீழே போய், காற்றில் உள்ள ஈரமெல்லாம் அதன்மேல் ஐஸ் கட்டிவிடும், அப்புறம் காற்றே வராது. விமான இறக்கைக்கும் இன்ஜினுக்கும்கூட இப்படித்தான் சொல்கிறார்கள். ‘ஓவர்’ வந்தால் மேலே மூடிக்கொண்டது, ‘அப்’ வந்தால் பெரும்பாலும் ஐஸ் கட்டி வேலை கெட்டது, நான் இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறேன்.

திருவல்லிக்கேணி வாசி:
மெரினா எதிரில் இருக்கும் விவேகானந்தர் இல்லத்தையும் மகளுக்குக் காட்டுங்கள். 1842இல் அதைக் கட்டியது அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸைச் சேமிக்கத்தான், இன்றைக்கும் அந்தப் பக்கத்துக்கு ஐஸ் ஹவுஸ் என்றுதான் பெயர். பாஸ்டன் பக்கத்து ஏரிகள் குளிர்காலத்தில் ஐஸ் ஓவர் ஆனதும், ஆட்கள் அந்த ஐஸ்மேலேயே நின்று பாளம் பாளமாக அறுத்து எடுப்பார்கள். காலுக்குக் கீழே ஐஸ், அதற்கும் கீழே தண்ணீர். நம் ஊர்க் குழந்தைக்கு இதைவிட நன்றாகப் புரியவைக்க முடியுமா?

பெரம்பூர் வாசகி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ‘டிசம்பரில் ஏரியின்மேல் பால் ஆடை போலப் பனிக்கட்டி படர்ந்து மூடியது’ என்று மாற்றிவிட்டேன். படித்துக் காட்டினேன், மகள் உடனே, “அப்போ மீன் அடியில இருக்கு” என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஐஸ் ஹவுஸ் போகிறோம்.