இங்கிலாந்துக்கு உலகக் கோப்பையா, விம்பிள்டனுக்கு 20ஆவது இடமா: ஒன்றுதான் கிடைக்கும் என்றால்?

மஞ்சள்நீலம்:
2025-26 பருவத்தின் முதல் ஆட்டம் வெள்ளிக்கிழமை லூட்டனில். ராத்திரி தூக்கம் சரியாக வரவில்லை, அதனால் மனதில் இருப்பதை இங்கே கேட்டுவிடுகிறேன்.

நான் விம்பிள்டன் ஆள். டென்னிஸ் இல்லை, ஏஎஃப்சி விம்பிள்டன் என்ற கால்பந்து கிளப். போன மே மாதம் வெம்ப்ளியில் வால்சாலை 1-0 என்று வென்று, மூன்றாம் நிலைப் பிரிவான லீக் ஒன்னுக்கு ஏறினோம். முதல் பாதி முடிகிற நேரத்தில் மைல்ஸ் ஹிப்போலைட் கோல் போட்டார். அதற்குப் பிறகு ஆட்டம் முடியும்வரை நான் உட்காரவே இல்லை. அதே பருவத்தில்தான், செப்டம்பரில், வாண்டில் ஆறு பெருகி மைதானத்துக்குள் புகுந்தது. தரை உள்வாங்கி, புல் விரிப்பு மடிந்து குழிக்குள் தொங்கிய அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது.

இந்த வருஷம் எனக்கு ஒரே ஆசைதான்: கீழே இறங்கக் கூடாது. 24 அணிகளில் கடைசி நான்கு இறங்கும், 20ஆவது இடம் வந்தால் போதும். 2019-ல் அப்படித்தான் தப்பினோம். பிளிமத்துக்கும் எங்களுக்கும் தலா 50 புள்ளி, கோல் வித்தியாசம் காப்பாற்றியது. அப்போது எங்கள் கீப்பர், வேறு கிளப்பிலிருந்து கடனாக வந்திருந்த ஆரன் ராம்ஸ்டேல். இரண்டே வருஷத்தில் இங்கிலாந்து அணிக்குப் போனார்.

2026 கோடையில் உலகக் கோப்பை. 1966-க்குப் பிறகு ஆண்கள் அணியின் கையில் ஒன்றும் இல்லை. யூரோ இறுதியில் 2021-ல் இத்தாலியிடம் பெனால்டியில் போனது, 2024-ல் ஸ்பெயினிடம் 86ஆவது நிமிடத்தில் போனது. ஹாரி கேனுக்கு 32 வயது ஆகிவிட்டது. அவர் கையில் கோப்பையைப் பார்க்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

ஆனால் 2018 மறக்கவில்லை. சமாராவில் ஸ்வீடனோடு காலிறுதி, இரண்டாவது கோலைத் தலையால் முட்டிப் போட்டவர் டெலி ஆலி. 2002-ல் எங்கள் பழைய கிளப்பை மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக அனுமதி கொடுத்தார்களே, அங்கே போன கிளப் வளர்த்த பையன் அவர். அறை முழுக்க எழுந்து கத்தியது. நானும் எழுந்துவிட்டேன், ஆனால் சத்தம் வரவில்லை. பையன் மேல் என்ன தப்பு என்று மனம் சொல்லி, அப்புறம்தான் கை தட்டினேன்.

இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் 20ஆவது இடத்தைத்தான் எடுப்பேன். நீங்கள்?

எக்ஸிடர்க்காரன்:
நான் உலகக் கோப்பையை எடுப்பேன், அதுவும் கிளப்புக்காகத்தான். எங்கள் எக்ஸிடர் சிட்டியும் உங்களைப் போல ரசிகர்களே சொந்தக்காரர்களாக இருக்கும் கிளப். 2024 யூரோ அரையிறுதியில் நெதர்லாந்துக்கு எதிராக ஆட்டம் முடிகிற நேரத்தில் ஆலி வாட்கின்ஸ் முதுகில் ஆள் ஒட்டியிருக்கத் திரும்பி, பந்தைத் தரையோடு தூர மூலைக்கு அனுப்பினாரே, அவர் எங்கள் அகாடமிப் பையன். வெஸ்டன்-சூப்பர்-மேருக்குக் கடனாகப் போய் ஆடித் தேறியவர். அவரை பிரென்ட்ஃபோர்டு கிளப்புக்கு விற்ற காசு வந்தது, பிறகு அவர்கள் அவரை விற்றபோதும் எங்களுக்குப் பங்கு வந்தது. அந்த கோலுக்குக் கத்தியபோது எனக்கு இரண்டும் ஒரே அணியாகத்தான் இருந்தது.

பழைய பிளவ் லேன்:
தம்பி, நான் உன் பக்கம். 1988 எஃப்ஏ கோப்பை இறுதியில் லிவர்பூலின் ஆல்ட்ரிஜ் அடித்த பெனால்டியை எங்கள் கீப்பர் பீசன்ட் இடப்பக்கம் பாய்ந்து தட்டிவிட்டார். அந்தக் கோப்பையின் இறுதியில் தடுக்கப்பட்ட முதல் பெனால்டி அது. லிவர்பூலையே சாய்த்தோம். பதினான்கு வருஷத்தில் அந்தக் கிளப்பை எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். இங்கிலாந்து தோற்றால் இரண்டு வருஷத்தில் அடுத்த போட்டி வந்துவிடும். 2002-ல் விம்பிள்டன் காமன் புல்வெளியில் ஆள் தேர்வு நடத்திப் புதுக் கிளப்பைத் தொடங்கினோம். சட்டனோடு முதல் ஆட்டம், 0-4. பார்க்க வந்தவர்கள் 4,657 பேர். தோற்றும் அன்று யாருக்கும் முகம் வாடவில்லை. அதைப் பார்த்தவனுக்கு லீக் ஒன்னில் 20ஆவது இடம் சின்ன விஷயம் இல்லை.

கோல்கம்பம்:
சரி, ஆனால் 20 கேட்காதீர்கள், 15 கேளுங்கள். போன வருஷம் பின்வரிசையைத் தாங்கிய கீப்பர் ஓவன் குட்மன் கடன் முடிந்து தன் கிளப்பான கிரிஸ்டல் பேலஸுக்குத் திரும்பிவிட்டார். அந்த இடத்தில் தடுமாறினால் கிறிஸ்துமஸுக்குள் தெரிந்துவிடும். எனக்குக் கவலை அங்கேதான்.

மஞ்சள்நீலம்:
வாட்கின்ஸ் கதையை நான் இப்படி யோசித்ததே இல்லை, நன்றி. அண்ணா, சட்டன் ஆட்டத்தைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுதுங்கள். கீப்பர் கவலை எனக்கும் உண்டு.

2011-ல் இதே லூட்டனை மான்செஸ்டரில் பெனால்டியில் வென்றுதான் மேல் நான்கு பிரிவுகள் கொண்ட லீகுக்குள் வந்தோம். கடைசிப் பெனால்டிக்கு டேனி கெட்வெல் நடந்து போனது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. வெள்ளிக்கிழமை லூட்டனுக்கு வருகிறவர்கள் இங்கே சொல்லுங்கள், ஒன்றாக நிற்போம்.